பரங்கிக்காய்க் கூட்டு முதல் முந்திரித் தோப்பு வரை... அரியலூர், பெரம்பலூர் சாப்பாட்டுத் தட்டில் போர்ச்சுகல்!

பொங்கலன்று அரியலூர்ப் பக்கத்து வீடுகளில் இலை போட்டதும் சர்க்கரைப் பொங்கலுக்குப் பின்னாலேயே பல காய்களும் சேர்ந்த குழம்பு வந்துவிடும். மொச்சை இருக்கும், அவரை இருக்கும், சர்க்கரைவள்ளிக் கிழங்கு இருக்கும். பரங்கிக்காய் கட்டாயம் இருக்கும். அது இல்லாவிட்டால், ``பரங்கிக்காய் போடாம என்ன பொங்கல் குழம்பு?'' என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டுவிடுவார்கள்.

அந்தக் காயின் பெயரை ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். பரங்கி... காய். அதாவது, பரங்கியர்கள் கொண்டுவந்த காய்.

இதே `பரங்கி' என்ற சொல்லை 400 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மனிதரைப் பார்த்துச் சொன்னால் அது வசை. பரங்கியோடு உட்கார்ந்து யாரும் சாப்பிட மாட்டார்கள். அவர் தொட்ட தண்ணீரைக் குடிக்க மாட்டார்கள். மனிதரை வாசலுக்கு வெளியே நிறுத்திய ஊர், அவர் பெயர்கொண்ட காயை மட்டும் அடுப்படி வரை விட்டது எப்படி? பொங்கல் பானைக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தது எப்படி?

இந்தக் கேள்விக்கான பதில், அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையில் இருக்கும் ஒரு கோயிலையும், செந்துறை, ஆண்டிமடம் பக்கத்து முந்திரித் தோப்புகளையும், பெரம்பலூரின் மக்காச்சோளக் காடுகளையும் தொட்டுக்கொண்டு லிஸ்பன் வரை போகிறது.

தட்டைப் பார்த்து ஆளை எடைபோட்ட காலம்

`பரங்கி' என்பது தமிழ்ச் சொல் அல்ல. ஐரோப்பியர்களை அரபு, பாரசீக மொழிகளில் அழைத்த பெயரிலிருந்து வந்தது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் முதலில் வந்து இறங்கிய ஐரோப்பியர்கள் போர்ச்சுக்கீசியர்கள் என்பதால், இங்கே பரங்கி என்றாலே அவர்கள்தான்.

நிறமோ உடையோ மட்டும் அந்தப் பெயரை வசையாக்கவில்லை. சாப்பாடும் சேர்ந்துதான் ஆக்கியது. பரங்கி மாட்டிறைச்சி தின்பவர், திராட்சை மது குடிப்பவர். அன்றைய மதுரையில் ஒருவரைத் தள்ளிவைக்க அது போதுமானதாக இருந்தது. இதில் சாதிக்கும் பெரிய பங்கு உண்டு. யார் யாரோடு உண்ணலாம், யார் கையால் தண்ணீர் வாங்கலாம் என்று ஏற்கெனவே கோடு கிழித்து வைத்திருந்த சமூகம், புதிதாக வந்தவரையும் அந்தக் கோட்டுக்கு வெளியே நிறுத்தியது.

16-ம் நூற்றாண்டின் இறுதியில் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியார் மதுரையில் இருந்தார். தன் ஊர் உடையிலேயே இருந்தார், தன் ஊர் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளவில்லை. வணிகத்துக்காக வந்துபோன போர்ச்சுக்கீசியர்களுக்கும், ஏற்கெனவே கிறிஸ்தவர்களாகியிருந்த முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்கும்தான் அவரால் பணி செய்ய முடிந்தது. மதுரைக்காரர்கள் அவர் பக்கம் திரும்பவில்லை.

1606-ல் அங்கே வந்த இத்தாலியரான ராபர்ட் டி நொபிலி வேறு வழியில் போனார். காவி உடுத்தினார். இறைச்சியையும் மதுவையும் விட்டார். நாளைக்கு ஒருவேளை மட்டும் சோறும் காய்கறியும் சாப்பிட்டார். `நான் பரங்கி இல்லை' என்று சொல்லியும் பார்த்தார், தன் இலையின் மூலம் காட்டியும் பார்த்தார். `தத்துவ போதகர்' என்ற பெயர் வந்தது. கூடவே, சொந்தச் சபைக்குள் பெரிய சண்டையும் வந்தது. ஒரு கிறிஸ்தவப் பாதிரியார் பூணூல் போடலாமா, சந்தனம் பூசலாமா என்று கோவாவிலிருந்து ரோம் வரை விவாதம் நடந்தது. 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்த பிறகுதான் அது ஓய்ந்தது.

ஆனால், நொபிலி எடுத்தது உயர்சாதித் துறவியின் கோலம். அந்தக் கோலத்தோடு எல்லோரோடும் பழக முடியாது. அதனால் பிறகு வந்தவர்கள், பல சாதியினரோடும் பழகக்கூடிய `பண்டாரசாமி' கோலத்தை எடுத்தார்கள். சாப்பாடு மட்டும் மாறவில்லை. சோறு, கீரை, பருப்பு. இறைச்சி இல்லை, மது இல்லை.

அரண்மனைப் பையன் சோற்றுக்கு மாறிய கதை

அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் ஜான் டி பிரிட்டோ. தமிழர்களுக்கு அருளானந்தர். 1647 மார்ச் 1-ம் தேதி லிஸ்பனில் பெரிய குடும்பம் ஒன்றில் பிறந்தவர். அவருடைய அப்பா பிரேசிலில் போர்ச்சுகலின் ஆளுநராகப் போய், அங்கேயே இறந்துபோனார். பிரிட்டோ சிறு வயதில் அரண்மனையில் இளவரசர் பேதுருவுக்குத் தோழனாக வளர்ந்தார்.

கோதுமை ரொட்டி, ஆலிவ் எண்ணெய், உப்பிட்ட மீன், இறைச்சி, மேசையில் எப்போதும் திராட்சை மது... ஒரு லிஸ்பன் பிரபு வீட்டுப் பிள்ளைக்கு இவையெல்லாம் கேட்காமலேயே கிடைப்பவை. அதையெல்லாம் விட்டுவிட்டு 1673-ல் அவர் கோவா வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டே மதுரை மறைபணித்தளத்துக்கு வந்து காவி உடுத்திக்கொண்டார்.

1686-ல் கைதாகிச் சித்திரவதைப்பட்டு, உயிர் தப்பினார். அதன் பிறகு சபை வேலையாக அவரை லிஸ்பனுக்கே அனுப்பிவைத்தார்கள். சின்ன வயது நண்பர் பேதுரு இப்போது அரசர். அம்மாவும் உயிரோடு இருந்தார். வெளிநாட்டிலிருந்து பல வருடங்களுக்குப் பிறகு வரும் பிள்ளைக்கு எந்த வீட்டிலும் என்ன நடக்கும்? பிடித்ததையெல்லாம் சமைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். பிரிட்டோ அங்கேயும் இறைச்சியையும் மதுவையும் தொடவில்லை, தமிழ்நாட்டில் சாப்பிட்ட மாதிரியேதான் சாப்பிட்டார், தரையில்தான் படுத்தார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

அரசர் அவரை லிஸ்பனிலேயே நிறுத்தப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. 1690-ல் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4-ம் தேதி, சேதுபதி ஆட்சிக்குட்பட்ட ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. வெளிநாடு போனவர் ஊர் திரும்பியதும் பழைய ருசிக்குத் திரும்புவதுதான் வழக்கம். இவருக்கோ, எது சொந்த ஊர், எது வெளியூர் என்பதே இடம் மாறிப்போயிருந்தது.

ஏலாக்குறிச்சியில் ஒரு கிண்ணம் திராட்சை ரசம்

பிரிட்டோ இறந்து 17 ஆண்டுகள் கழித்து, 1710-ல் இன்னொருவர் இந்தியாவுக்கு வந்தார். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. நாம் பாடப்புத்தகத்தில் படித்த வீரமாமுனிவர். பிறப்பால் இத்தாலியர். ஆனால், கிழக்கே வரும் பாதிரியார்களை அனுப்பும் உரிமை அன்று போர்ச்சுகல் அரசரிடம் இருந்தது. அதனால், இத்தாலியரானாலும் போர்ச்சுகல் வழியாக, போர்ச்சுக்கீசிய மொழி பேசிக்கொண்டுதான் வந்தாக வேண்டும்.

அவர் நீண்ட காலம் தங்கிய இடங்களில் ஒன்று, இன்றைய அரியலூர் மாவட்டத்தில் திருமானூரை அடுத்து, கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் ஏலாக்குறிச்சி. அந்த ஊருக்குத் `திருக்காவலூர்' என்று பெயர் சூட்டினார். அங்கிருக்கும் அடைக்கல மாதாவைப் பாடித் `திருக்காவலூர்க் கலம்பகம்' எழுதினார். அரியலூர் மழவராயர் ஒருவருக்கு வந்த ராஜபிளவையை மூலிகை வைத்து அவர் குணப்படுத்தினார் என்ற கதை இன்றும் அந்த வட்டாரத்தில் சொல்லப்படுகிறது. `தேம்பாவணி', `தொன்னூல் விளக்கம்', `சதுரகராதி' எழுதிய அதே கை, போர்ச்சுக்கீசியம் - இலத்தீன் - தமிழ் அகராதி ஒன்றையும் தொகுத்தது.

கொள்ளிடக் கரையில் அரிசிக்கும் காய்க்கும் பஞ்சம் இல்லை. ஆனால், ஒரு சிக்கல் இருந்தது. திருப்பலி நிறைவேற்றக் கோதுமையில் செய்த அப்பமும் திராட்சையில் செய்த ரசமும் வேண்டும். கத்தோலிக்கச் சட்டம் அதில் விட்டுக்கொடுப்பதில்லை. அரிசி அப்பமோ, பனங்கள்ளோ செல்லாது. நெல்லும் பனையும் நிறைந்த இந்த மண்ணில் அந்தக் கொஞ்சம் ரசம், கடற்கரைத் துறைமுகங்கள் வழியாகத்தான் உள்ளே வந்திருக்க வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் மதுவே இல்லாத ஒரு மனிதர், நாள்தோறும் பீடத்தில் மட்டும் ஒரு வாய் திராட்சை ரசம் அருந்துகிறார். தன் ஐரோப்பிய ஊணில் அவர் மிச்சம் வைத்துக்கொண்டது ஏறக்குறைய அவ்வளவுதான்.

வீரமாமுனிவர் 1747-ல் கேரளத்தின் அம்பலக்காட்டில் காலமானார். 1759-ல் போர்ச்சுகலின் முதன்மை அமைச்சர் பொம்பால், இயேசு சபையைத் தன் நாட்டிலிருந்தும் அதன் ஆட்சிப் பகுதிகளிலிருந்தும் வெளியேற்றினார். காவி உடுத்திய பாதிரியார்கள் வருவது அதோடு நின்றுபோனது. இந்தப் பொம்பால் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி வருவார்.

விட மறுத்தவர்கள் சமைத்தது

எல்லாப் போர்ச்சுக்கீசியர்களும் துறவிகள் இல்லையே! கோவாவில் தங்கிய அதிகாரிகளும் சிப்பாய்களும் வணிகர்களும் தங்கள் சாப்பாட்டை விடத் தயாராக இல்லை. ஆனால், அவர்களுக்கும் ஊர் ருசி முழுதாகக் கிடைக்கவில்லை.

ரொட்டிக்கு மாவைப் புளிக்கவைக்க ஈஸ்ட் இல்லை. கள்ளை ஊற்றிப் புளிக்கவைத்தார்கள். அவர்களின் `பாவ்'தான் இன்றைய பாவ் பாஜியின் பாவ். இலங்கைத் தமிழர்கள் இன்றும் ரொட்டியை `பாண்' என்று சொல்வதும் அதே சொல்தான். ஒயினிலும் பூண்டிலும் இறைச்சியை ஊறவைக்கும் `வின்ய தாலியோஷ்' என்ற பதார்த்தம் அவர்களுக்கு உயிர். இங்கே ஒயினுக்குப் பதில் தென்னங்கள்ளின் காடி வந்தது. மிளகாயும் மசாலாவும் சேர்ந்தன. அதுதான் `விந்தாலு'. பெயரில் `ஆலு' இருப்பதால் உருளைக்கிழங்கு போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த `ஆலு' பூண்டைக் குறிக்கும் சொல்.

அந்த மிளகாயே அவர்கள் கப்பலில் வந்ததுதான். அதற்கு முன்பு நம் காரம் என்றால் மிளகு. புதிதாக வந்த காய் மிளகு போலக் காரமாக இருந்ததால் `மிளகாய்'. அன்னாசி, பப்பாளி, கொய்யா மூன்றும் போர்ச்சுக்கீசியப் பெயரோடு நம் வீட்டுக்குள் வந்தவை. நாம் சாத்தும் `ஜன்னல்', திறக்கும் `சாவி', துணி வைக்கும் `அலமாரி', சட்டைப் `பொத்தான்', வீடு கட்டும் `மேஸ்திரி', ஒயின் ஊற்றி வைத்த `பீப்பாய்'... எல்லாம் அதே கப்பல் சரக்குதான்.

`பரங்கி'யோடு உட்கார்ந்து சாப்பிட மறுத்த ஊர், பரங்கியின் காய்களை ஏற்றுக்கொண்டதன் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. விதைக்குச் சாதி கேட்க ஆளில்லை. அது மண்ணில் விழுந்தது, முளைத்தது, காய்த்தது. நம்மூர் மாமியார்களும் மருமகள்களும் புளியும் பருப்பும் தேங்காயும் சேர்த்து அதை நம்முடையதாக்கிவிட்டார்கள்.

லிஸ்பனில் இறங்கும் நம்ம ஊர்க்காரருக்கு...

இப்போது பயணத்தின் திசை திரும்பிவிட்டது. வேலைக்கும் படிப்புக்கும் இந்தியர்கள் போகிற நாடுகளில் போர்ச்சுகலும் ஒன்று. பெரம்பலூரிலிருந்தோ அரியலூரிலிருந்தோ ஒருவர் லிஸ்பனில் போய் இறங்கினால், சாப்பாட்டில் அவ்வளவாக அந்நியம் தெரியாது.

முதல் காரணம் அரிசி. ஐரோப்பாவில் தலைக்கு அதிகமாக அரிசி சாப்பிடுகிறவர்கள் போர்ச்சுக்கீசியர்கள்தான். கடல் உணவோடு குழைய வேகவைத்த `அரோஸ் த மரிஷ்கு' நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். பாலில் அரிசியைக் குழையவிட்டுச் சர்க்கரையும் எலுமிச்சைத் தோலும் சேர்த்துச் செய்யும் `அரோஸ் தோஸ்' அவர்களின் சர்க்கரைப் பொங்கல். அதன் மேல் பட்டைத்தூளை விரல் நுனியில் எடுத்துக் கட்டமும் பூவுமாக இழுப்பார்கள். கோலமாவு பிடித்த கைகளுக்கு அது சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது, கருவாடு. `பக்கல்யாவ்' என்பது உப்பிட்டுக் காயவைத்த காட் மீன். அது போர்ச்சுகல் கடலில் கிடைப்பதும் இல்லை, வடக்கே குளிர்க் கடலிலிருந்து வருவது. ஒன்றிரண்டு நாள் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை இறக்கிவிட்டுச் சமைப்பார்கள். வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கல்யாவ் சமையல் உண்டு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

ஜூன் 12 இரவு லிஸ்பன் தெருக்களில் மத்தி மீன் சுடும் புகை கிளம்பும். மறுநாள் புனித அந்தோனியார் திருநாள். நம்மூர் கோயில்களில் செவ்வாய்க்கிழமை தோறும் வேண்டிக்கொள்ளும் `பதுவை' அந்தோனியார்தான். ஆனால், அவர் பிறந்த ஊர் லிஸ்பன். இத்தாலியின் பதுவையில் இறந்ததால் அந்த ஊர் பெயர் ஒட்டிக்கொண்டது. வெளிநாடு போனவருக்குப் போன ஊரின் பெயரே நிலைத்துவிட்டது.

சில விஷயங்களில் கவனமும் வேண்டும். உணவகத்தில் உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி எல்லாம் கேட்காமலேயே வந்து நிற்கும். இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள், சாப்பிட்டால் பில்லில் ஏறும். வேண்டாம் என்றால் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம். மதியத்தில் `ப்ராத்து து தியா' என்று எழுதி வைத்திருப்பது அன்றைய சாப்பாடு, விலையும் குறைவாக இருக்கும். பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் சூப்பில்கூட ஒரு துண்டு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பன்றி இறைச்சி என்றதும் ஒரு சோகக் கதை. `அல்யேய்ரா' என்ற தொத்திறைச்சி அங்கே பிரபலம். 1497-ல் போர்ச்சுகல் யூதர்கள் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டார்கள். வீட்டில் பன்றித் தொத்திறைச்சி தொங்கவில்லை என்றால், `இன்னும் யூதர்களாகத்தான் இருக்கிறார்கள்' என்று காட்டிக்கொடுத்துவிடுவார்கள். அதனால் கோழியும் ரொட்டியும் பூண்டும் வைத்து, பார்வைக்கு அதே போன்ற ஒன்றைச் செய்து தொங்கவிட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. மதுரையில் தட்டைப் பார்த்துப் பரங்கியைத் தள்ளிவைத்தார்கள். பரங்கியின் நாட்டிலோ தட்டைப் பார்த்து உயிரையே எடுத்தார்கள்.

ஒயின் விஷயத்துக்கு வருவோம். அங்கே அது சாப்பாட்டோடு சேர்ந்த ஒன்று. வடக்கே மின்யோ பகுதியின் `வின்யு வேர்த்' என்றால் பச்சை ஒயின் என்று பொருள். பச்சை என்பது நிறமல்ல, இளசு என்ற அர்த்தம். டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கின் திராட்சையில் வருவது `போர்ட்'. புளித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சைச் சாராயம் சேர்த்து அதை நிறுத்திவிடுவதால் இனிப்பு மிஞ்சும், போதையும் அதிகம். அந்தத் திராட்சைத் தோட்டங்களுக்கு 1756-ல் எல்லை வகுத்துச் சட்டம் போட்டவர் யார் தெரியுமா? மூன்றே வருடத்தில் இயேசு சபையைத் துரத்திய அதே பொம்பால்தான்!

இன்னொன்று `மதெய்ரா'. அட்லான்டிக் தீவான மதெய்ராவிலிருந்து கப்பலில் ஏற்றிய பீப்பாய்கள், வெயிலிலும் ஆட்டத்திலும் வெந்து, முன்பைவிட நல்ல ருசியோடு இருந்ததைக் கவனித்தார்கள். பிறகு வேண்டுமென்றே இந்தியா வரை அனுப்பி, குடிக்காமல் திரும்பக் கொண்டுவந்து அதிக விலைக்கு விற்றார்கள். நம் பக்கத்து வெயிலைப் பார்த்துவிட்டுப் போன ஒயினுக்குத் தனி மரியாதை! இத்தனையும் தெரிந்துகொள்ளலாம். அதற்காக அளவு மீற வேண்டியதில்லை. ஊர் மாறினாலும் கல்லீரல் மாறுவதில்லை.

அங்கே ரொட்டி, இங்கே கோழித்தீவனம்

போர்ச்சுகலின் வடக்குப் பகுதியில் `கால்து வேர்த்' என்ற கீரை சூப்போடு ஒரு கனமான மஞ்சள் ரொட்டித் துண்டு கொடுப்பார்கள். பெயர் `புரோவா'. செய்வது மக்காச்சோள மாவில்.

பெரம்பலூர்க்காரர்கள் இங்கே நிமிர்ந்து உட்காரலாம். தமிழ்நாட்டில் மக்காச்சோளம் என்றதும் நினைவுக்கு வரும் முதல் மாவட்டம் அதுதான். புரட்டாசி, ஐப்பசியில் வேப்பந்தட்டை, குன்னம் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கதிர் நிற்கும். இந்தச் சோளமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கிளம்பி, போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் ஓடிய பாதையில் பரவிய பயிர்தான். மின்யோ ஏழை விவசாயிக்கு அது தினச் சாப்பாடானது. பெரம்பலூரில் விளைவதில் பெரும்பங்கு லாரியேறி நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகிறது. நம் தட்டுக்கு அது முட்டையாகத்தான் திரும்பி வருகிறது.

கம்பையும் கேழ்வரகையும் அடையாகவும் களியாகவும் மாற்றத் தெரிந்த சமையலறைக்கு மக்காச்சோள மாவு ஒன்றும் பெரிய சவால் இல்லை. அவித்த கதிரைத் தாண்டி யாரும் முயன்று பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கொட்டைக்கு விலை உண்டு... பழத்துக்கு?

பெரம்பலூருக்குச் சோளம் என்றால், அரியலூருக்கு முந்திரி. செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கத்துச் செம்மண்ணில் தோப்புத் தோப்பாக நிற்கிறது. தை, மாசியில் பூத்து, பங்குனி, சித்திரையில் பழுக்கும். இந்த மரத்தின் பூர்வீகம் வடகிழக்கு பிரேசில். பிரிட்டோவின் அப்பா ஆளுநராகப் போய் இறந்த அதே பிரேசில். 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர்கள் அதை இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். வேர் மண்ணை இறுகப் பிடித்து அரிப்பைத் தடுக்கும் என்பதற்காக நட்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். கொட்டை பிறகுதான் பணமானது.

பெயரிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. பழைய தமிழில் `முந்திரிகை' என்றால் திராட்சை. `கொடிமுந்திரி' என்றாலும் அதுதான். மலையாளத்தில் இன்றும் முந்திரி என்றால் திராட்சைதான். இலங்கைத் தமிழர்கள் திராட்சையை முந்திரிகை என்றும், நம் முந்திரியைப் போர்ச்சுக்கீசியப் பெயரிலேயே `கஜு' என்றும் சொல்கிறார்கள். போர்ச்சுகலின் ஒயின் கனிக்கு இருந்த பெயரை, போர்ச்சுகல் கொண்டுவந்த கொட்டை தமிழ்நாட்டில் தட்டிப்பறித்துக்கொண்டது!

கொட்டையை உடைப்பது லேசான வேலை இல்லை. ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். சாம்பலையோ எண்ணெயையோ பூசிக்கொண்டு, மணிக்கணக்கில் குந்தி உட்கார்ந்து உடைக்கும் பெண்களின் விரல்கள் கறுத்துப்போயிருக்கும். போட்டியும் கடுமை. இந்திய ஆலைகள் ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டையை இறக்குமதி செய்கின்றன. ஆப்பிரிக்காவுக்கும் அந்த மரத்தைக் கொண்டுபோனவர்கள் போர்ச்சுக்கீசியர்கள்தான்.

கொட்டையின் கதையாவது இப்படி. பழத்தின் கதை இன்னும் மோசம். கொட்டையைப்போலப் பல மடங்கு எடையுள்ள பழம் அது. ஆரஞ்சைவிட வைட்டமின் சி அதிகம். ஆனால், பறித்த ஒன்றிரண்டு நாளில் அழுகிவிடும், கொஞ்சம் கரகரப்பும் உண்டு. அதனால் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். சித்திரை வெயிலில் தோப்புக்குள் நடந்தால் அந்தப் புளித்த வாசனை மூக்கில் ஏறும்.

கோவாவில் அதே பழத்தைப் பாறைத் தொட்டியில் போட்டு மிதித்துச் சாறெடுக்கிறார்கள், ஐரோப்பாவில் திராட்சையை மிதிப்பது மாதிரியே. அந்தச் சாறு புளித்து, காய்ச்சி வடிக்கப்பட்டு `பெனி' ஆகிறது. 2009-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தமிழ்நாட்டில் சாராயம் காய்ச்சுவது குற்றம், கள்ளச்சாராயத்தால் போன உயிர்களும் குடும்பங்களும் நமக்குத் தெரியும். ஆகவே பெனி நமக்கு வழியில்லை, தேவையும் இல்லை. ஆனால், பெனிக்கும் குப்பைக்கும் நடுவில் எத்தனையோ இருக்கின்றன. சாறு, ஜாம், மிட்டாய், ஊறுகாய், காடி...

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அன்றே பறித்த, அடிபடாத பழங்களைக் கழுவிப் பிழிந்து சாறெடுத்துக்கொள்ளுங்கள். ஜவ்வரிசியைக் கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் காய்ச்சி, ஆறியதும் அந்தச் சாற்றில் கலந்து, குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். தொண்டையைப் பிடிக்கும் கரகரப்பு கூழோடு சேர்ந்து அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்த சாற்றை வடித்து, சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்துக் குடிக்கலாம். கேரளத்தில் இந்த முறையில் முந்திரிப்பழச் சாறு தயாரிக்கிறார்கள். அதைவிட எளிது, பழத்தை நறுக்கி உப்புத் தண்ணீரில் போட்டுவைத்து, மேலே மிளகாய்த்தூள் தூவிச் சாப்பிடுவது.

இதற்குப் பெரிய தொழிற்சாலை தேவையில்லை. பழம் விழுகிற ஊரிலேயே, விழுந்த அன்றே பிழிந்து பதப்படுத்த ஒரு சிறு கூடம் இருந்தால் போதும். விரல் கறுக்கக் கொட்டை உடைக்கும் அதே பெண்களின் சுயஉதவிக் குழு அதை நடத்த முடியும். முந்திரிக்கு இரண்டு மாதம்தான் பருவம். ஆனால், விவசாயிக்கு அந்த இரண்டு மாதத்தில் வரவேண்டிய பணத்தில் ஒரு பகுதி இன்று மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

பரங்கிக்காயை ஏற்றுக்கொள்ள இந்த ஊர் எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்கவில்லை. யாரோ ஒரு வீட்டில் முதல் நாள் அதை நறுக்கிக் குழம்பில் போட்டிருக்கிறார்கள், பக்கத்து வீடு ருசி பார்த்திருக்கிறது. முந்திரிப்பழத்துக்கும் அப்படி ஒரு வீடு வேண்டும். அடுத்த சித்திரையில் செந்துறைச் சாலையில் போகும்போது தோப்புக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு கூடை பழத்தைச் சும்மாவே கொடுத்துவிடுவார். முடிந்தால், அதற்கு ஒரு விலை கொடுத்து வாங்கி வாருங்கள்.